பேட்டரி மரவேலைக் கருவிகள்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: அலமாரி, ஸ்டூல் என்று சின்னச் சின்ன மரவேலைகளை வீட்டிலேயே செய்ய ஆசை. இப்போது என்னிடம் இருப்பது ஒரு கைரம்பமும் சுத்தியலும்தான். ஆறு கருவிகள் அடங்கிய பேட்டரி செட் ஒன்று தள்ளுபடியில் வந்திருக்கிறது. வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆறில் இரண்டு மூன்றைத்தான் அடிக்கடி எடுப்பீர்கள், மற்றவை பெட்டியிலேயே கிடக்கும். அதைவிட முக்கியம், அந்தப் பெட்டியில் பேட்டரி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) என்று பாருங்கள். பல செட்களில் 1.5 அல்லது 2 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். டிரில்லுக்கு அது தாராளம், ரம்பத்தில் மாட்டினால் நாலைந்து பலகை அறுப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

நான் சொல்வது இதுதான்: ஒரு நல்ல டிரில், இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், இவ்வளவு மட்டும் முதலில் வாங்குங்கள். அடுத்தடுத்து வேண்டியதை பேட்டரி இல்லாமல் வெறும் கருவியாக வாங்கிக்கொள்ளலாம், விலை நன்றாகக் குறையும். ஆனால் முதல் பேட்டரி எந்த கம்பெனியோ அதே கம்பெனியோடுதான் பிறகு காலம் தள்ள வேண்டியிருக்கும், அதனால் டிரில்லைப் பார்த்து மயங்காமல் அந்த பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா, அதில் ஓடும் ரம்பமும் ஜிக்சாவும் (வளைவாக அறுக்கும் சின்ன ரம்பம்) இருக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். பெயர் தெரியாத கம்பெனி டிரில் ஒன்றை நான் ஆசையாக வாங்கினேன். இரண்டே வருடத்தில் பேட்டரி செத்துவிட்டது, மாற்று பேட்டரி எங்குமே கிடைக்கவில்லை. மோட்டார் இன்றும் நன்றாக இருக்கிறது, என்ன பயன்?

ஒரே கம்பெனிக்குள்ளும் கவனம் தேவை. போஷின் பச்சை நிற வீட்டுக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி அவர்களுடைய நீல நிறத் தொழில்முறைக் கருவிகளில் பொருந்தாது.

கேள்வி: ஒன்றில் 18 வோல்ட், இன்னொன்றில் 20 வோல்ட், மூன்றாவதில் 88 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அந்த 88 வோல்ட்தான் இருப்பதிலேயே விலை குறைவு!

பதில்: அந்த 88-ஐ நம்பாதீர்கள். லித்தியம்-அயான் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18. அதே செல்லை முழுதாக சார்ஜ் செய்து எடுத்தவுடன் அளந்தால் 4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், அதைக் கணக்கில் எடுத்து '20 வோல்ட் மேக்ஸ்' என்று போடுகிறார்கள். ஆக 18-ம் 20-ம் ஒன்றுதான். உண்மையாகவே 88 வோல்ட் வேண்டுமென்றால் இருபத்துநான்கு செல்லுக்கு மேல் வேண்டும், உள்ளங்கை அளவு பெட்டியில் அது அடங்காது. சார்ஜரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள், அவுட்புட் 21 வோல்ட் என்று இருந்தால் உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான்.

ஒப்பிட வேண்டுமென்றால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 72 வாட்-அவர். பேட்டரிக்குள் எவ்வளவு சக்தி அடைபட்டிருக்கிறது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

கேள்வி: டிரில் இருந்தால், ஸ்குரூவைத் தட்டித் தட்டி முறுக்கி ஏற்றும் இம்பாக்ட் டிரைவரும் வேண்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். நீளமான ஸ்குரூக்களை நாள் முழுக்க ஏற்றுபவருக்கு அது வரம்தான். ஆனால் டிரில்லின் கழுத்தில் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கிறதே, ஸ்குரூ மட்டத்துக்கு வந்ததும் 'டக்டக்' என்று தானாக விட்டுக்கொடுக்குமே, அந்த கிளட்ச் பெரும்பாலான இம்பாக்ட் டிரைவரில் கிடையாது. புதியவர் கையில் ஸ்குரூவின் தலை பலகைக்குள் புதைந்துவிடும்.

கேள்வி: பேட்டரி சர்க்குலர் சாவில் (வட்ட ரம்பம்) பிளைவுட் அறுத்தால் ஓரமெல்லாம் பிசிறு. மெஷின் கோளாறா?

பதில்: மெஷின் சரியாகத்தான் இருக்கும், முதலில் பிளேடைப் பாருங்கள். கூடவே வரும் பிளேடில் பெரும்பாலும் 24 பல்தான், அது மரத்தை நீளவாக்கில் வேகமாகக் கிழிப்பதற்கு. பிளைவுட்டுக்கு 40 பல்லாவது வேண்டும். இன்னொன்று, அந்த பிளேடு கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டு வரும், பிசிறு மேல்பக்கம் வருவது அதனால்தான். நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டு அறுங்கள். பிளேடு பலகைக்கு அடியில் அரை சென்டிமீட்டர் எட்டிப் பார்த்தால் போதும்.

வெட்டிய இடம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால் ரம்பம் உங்களை நோக்கித் துள்ளும், அதனால் பலகையை இரண்டு பக்கமும் நன்றாகத் தாங்கிப் பிடிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள், ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், பிளேடு மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பட்டனைத் தொடமாட்டேன் என்று உங்கள் விரல்மேல் இருக்கும் நம்பிக்கை போதாது, தயவுசெய்து கழற்றுங்கள்.

கேள்வி: பலகையைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரும் பேட்டரியில் வாங்கலாமா?

பதில்: பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்தால் வயர் உள்ளதையே வாங்குங்கள். டிரில் மாதிரி விட்டுவிட்டு ஓடும் கருவி இல்லை, 80, 120, 180 என்று சொரசொரப்பு எண் கூடக் கூட நைசாகும் உப்புத்தாளை மாற்றி மாற்றி ஒரு மேசைப் பலகையைத் தேய்த்து முடிக்கவே நிறைய நேரம் விடாமல் ஓட வேண்டும், பேட்டரி கரைந்துவிடும். மிச்சமாகும் பணத்தில் நல்ல மாஸ்க் வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சாண்டரில் வரும் சின்னத் துணிப்பை நுண்ணிய தூளை முழுதாகப் பிடிக்காது, வேக்குவம் குழாய் மாட்டும் வாய் இருக்கிறதா, உங்கள் வீட்டுக் குழாய் அதில் பொருந்துமா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.