கார் அனுப்பவும் கணக்கு வேண்டும், அண்ணே

அண்ணே, உங்கள் மகளைப் பற்றி, "கணக்குப் படித்துவிட்டு லோரி கம்பெனிக்கா போகப்போகிறாள்?" என்று சிலிம் ரிவர் சந்தையில் கேட்டீர்கள். நின்றபடி சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை, லோரியில் ஏற்றுகிறவர். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். எந்த லோரி எந்தப் பக்கம் முதலில் போவது என்று விடிகாலையில் மேற்பார்வை பார்க்கும் மண்டோரோடு பேசி முடிவெடுக்கிறீர்களே, அதையே எண்களில் எழுதிப் பார்ப்பதுதான் உங்கள் மகள் கேட்கும் படிப்பு.

நம் பக்கத்தில் தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் ஆலை, ரவாங் பக்கம் பெரோடுவா கார் ஆலை. அங்கிருந்து கார்கள் மலேசியாவின் வடக்கே பெர்லிஸ் முதல் தெற்கே ஜொகூர் வரை டிரெய்லரில் போகின்றன. சபா, சரவாக்கிற்குக் கப்பலில். ஒரு சின்னக் கணக்கு, எண்கள் நான் போட்டவை. இரண்டு கிடங்கு, ஒவ்வொன்றிலும் ஒரு டிரெய்லர் நிறையக் கார்கள். இரண்டு ஷோரூம், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரெய்லர் போக வேண்டும். முதல் கிடங்கிலிருந்து வடக்கு ஷோரூமுக்கு அனுப்ப 300 வெள்ளி (ரிங்கிட்), கிழக்கு ஷோரூமுக்கு 400. இரண்டாவதிலிருந்து 500, 900. மலிவானதை முதலில் முடிப்போம் என்று 300க்கு அனுப்பினால், மற்றது 900க்குப் போக வேண்டும், மொத்தம் 1,200. மாற்றி அனுப்பினால் 400ம் 500ம் சேர்ந்து 900தான். ஷோரூம்கள் நூறாகி, மாடலும் நிறமும் கூடினால் மனக்கணக்குக்கு எட்டாது. 1947ல் டான்சிக் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கண்டுபிடித்த வழிமுறை இதைத் தீர்க்கிறது. இந்த வகைக் கணக்கின் பெயர் நேரியல் நிரலாக்கம் (linear programming). பள்ளியில் படிவம் 5 கூடுதல் கணிதத்தில் ஒரு பாடமாகவே இருக்கிறது. அவளுக்கு மிகவும் பிடித்த பாடமும் அதுதானாம்.

அனுப்புவது மட்டுமில்லை. 2021ல் காருக்குள் வைக்கும் மின்னணுச் சில்லு (சிப்) கிடைக்காமல் உலகெங்கும் கார் ஆலைகள் நின்றன. எந்தப் பாகம் தீர்ந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவர்கள் வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, யூடிஎம் பல்கலைக்கழகத்தில் தொழில்துறைக் கணிதம் எடுக்கலாம். யூயூஎம் பல்கலைக்கழகத்தில் லாஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்கை அனுப்பிச் சேர்க்கும் துறையில், பட்டம் இருக்கிறது. என்னைக் கேட்டால் கணிதமே முதலில், கூடவே புள்ளியியலும் நிரல் எழுதுவதும். லாஜிஸ்டிக்ஸை வேலையில் கற்றுக்கொள்ளலாம்; விட்ட கணிதத்தைப் பிடிப்பது கஷ்டம். முதல் வேலையில் நாள் முழுக்க எக்செல் பார்க்க நேரலாம், அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. ஒரு வாரத்துக்கு, ஆலை வாசலுக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குக் குலை இறக்கினீர்கள் என்று தினமும் குறித்து அவளிடம் கொடுங்கள்; எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று அவளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அந்தத் தாளோடு சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள்.