டிங்கர்கேட் வெள்ளைத் திரை: சிக்னல் காரணமாக இருக்காது

உங்கள் ஆன்லைன் வகுப்பில் கோத்தகிரி மாணவர்களில் பாதிப் பேருக்கு, முப்பரிமாண உருவங்களை வடிவமைக்கும் இணையதளமான டிங்கர்கேட் வெறும் வெள்ளையாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு உடனே சிக்னலைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் குரல் அவர்களுக்குத் தடையில்லாமல் கேட்கிறது என்கிறீர்களே, அப்படியானால் நெட் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அந்தப் பழைய லேப்டாப்களில் வெப்ஜிஎல் வேலை செய்யவில்லை. உலாவியில் முப்பரிமாண உருவத்தை வரைவது அதுதான்.

1. கெட்.வெப்ஜிஎல்.ஆர்க் (get.webgl.org) தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கனசதுரம் சுழன்றால் கோளாறு வேறு. உலாவியில் சேர்த்திருக்கும் எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. சுழலவில்லையா? குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை ஆன் செய்து, குரோமை மூடித் திறக்க வேண்டும். பள்ளி லேப்டாப் என்றால் இது பூட்டியிருக்கலாம்.

அப்புறமும் வராதவர்களையும் போன் மட்டும் வைத்திருப்பவர்களையும் மென்பொருளோடு மல்லுக்கட்ட விடாதீர்கள், பாவம். மண் சரியாமல் தாங்கும் தடுப்புச்சுவரின் மாதிரி ஒன்றை அட்டையில் செய்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ அனுப்பட்டும். மழைக்கு மண் சரியும் ஊர்ப் பிள்ளைகள் அவர்கள். சுவரில் துளைகள் எதற்கு என்று கேளுங்கள். பின்னால் தேங்கும் நீர் வெளியேறாவிட்டால் சுவரைத் தள்ளும் என்பதைத் தெருச் சுவரைப் பார்த்தே சொல்வார்கள். மதிப்பெண் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே அளவுகோலில் போடுங்கள்.