முதல் டிராக் டே: மலையில் ஓடிய காரைக் கீழே கொண்டுபோகும் முன்

கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் இருப்பது 1999 ஹொண்டா சிவிக், மெனுவல் கியர். கரையோரம் இருக்கும் கட்டுகுருந்த பந்தயப் பாதையில் டிராக் டே ஒன்றுக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போட்டி இல்லை, ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஓடலாம், அவ்வளவுதான். மலை ரோட்டில் ஓட்டிப் பழகியவன் என்பதால் பயமில்லை. கையில் இருக்கிற காசுக்கு ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றலாமா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?"

தம்பி, ஃபில்டருக்கும் சைலன்சருக்கும் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். நீங்கள் கேட்கும் கூடுதல் வேகம் சும்மாவே கிடைக்கப்போகிறது. உங்கள் ஊர் ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவு. டர்போ இல்லாத எஞ்சின் மேலே இழக்கும் சக்தியைக் கடற்கரைக்கு இறங்கியதும் திரும்பப் பெறுகிறது. கரையோர வெக்கையைக் கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். நேர் ஓட்டத்தில் கார் நீங்கள் அறிந்ததைவிட வேகமாகப் போகும். அதை நிறுத்தும் பிரேக் மட்டும் பழைய பிரேக்தான். எனவே காசு முழுவதையும் நிறுத்துவதற்கும் குளிர்விப்பதற்கும் போடுங்கள்.

முதலில் பிரேக் ஒயில். பொனட்டைத் திறந்து அந்தச் சின்னப் போத்தலைப் பாருங்கள். புதிய ஒயில் வெளிறிய மஞ்சளாக, அடி தெரியும்படி இருக்கும். பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. நிறம் நன்றாக இருந்தாலும் மாற்றிய திகதி நினைவில் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் நம் ஊர்களில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரேக் ஒயிலின் தரத்தை டொட் 3, டொட் 4 என்று போத்தலில் எழுதியிருப்பார்கள். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140க்கு இறங்கலாம். டொட் 4க்கு அதே கணக்கு 230உம் 155உம்.

கொதித்தால் என்ன ஆகும்? குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிப்பது குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு போல உள்ளே இறங்கும், கார் நிற்காது. மலையில் இரண்டாம் கியரில் இறங்குகிறவருக்கு இது நேராமலே இருக்கலாம். டிராக்கில் நிலைமை வேறு. 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 120இலிருந்து நிறுத்தும்போது பிரேக் வாங்கும் வெப்பம் நான்கு மடங்கு. அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப.

சீல் உடைக்காத டொட் 4 போத்தலாக வாங்கி, பழையதை முழுதாக வெளியேற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் அடைபட்ட காற்றை எடுக்கச் சொல்லுங்கள். கராஜில் ஏற்கெனவே திறந்து வைத்த போத்தலை பாஸ் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டொட் 5 என்பது சிலிக்கன் ஒயில், உங்கள் காருக்குச் சேராது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கடையில் மாறி வந்துவிடும், கவனம்.

பிரேக் பேட் பாதிக்கு மேல் தடிப்பாக இருக்க வேண்டும். மாற்றுவதானால் இரண்டு மூன்று வாரம் முன்பே மாற்றி, ஓடிப் பழக்கிவிடுங்கள். முதல் நாள் இரவு போட்ட புதுப் பேட்டோடு டிராக்குக்குப் போகக் கூடாது. ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது ரேடியேட்டர். வெறும் தண்ணீர் ஊற்றியே ஓடும் கார்கள் மலையகத்தில் ஏராளம். குளிரில் குறை தெரியாது, கீழே முதல் பத்து நிமிடத்திலேயே எஞ்சின் சூடு காட்டும் ஊசி ஏறிவிடும். கூலன்ட் ஊற்றுங்கள், மூடியின் ரப்பரைப் பாருங்கள், மின்விசிறி தானாக ஓடுகிறதா என்று நிறுத்திவைத்தே சோதியுங்கள். சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடாகாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சின் ஒயில் குச்சியின் மேல் கோடு வரை இருக்கட்டும், ஏனென்றால் நீண்ட வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், அதை மாற்றும் வரை இந்தப் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். அது அறுந்தால் எஞ்சின் வேலை வந்துவிடும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியதையும் ரீபில்ட் செய்ததையும் டிராக்குக்குக் கொண்டுபோகவே வேண்டாம். காற்றை அங்கே போன பிறகு பாருங்கள். கீழே இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் கேஜ் சுமார் 2 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும், வெக்கை அதை மறுபடி ஏற்றிவிடும். மேலே பார்த்த அளவை அப்படியே நம்ப முடியாது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கம்பனி சொன்ன அளவில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சூட்டோடு அளந்து இடமும் வலமும் சமமாக்குங்கள். வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் இன்னொரு முறை பாருங்கள்.

காருக்குள் ஒன்றும் உருளக் கூடாது. ஜாக்கி, ஸ்பெயர் வீல், கால் விரிப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வெளியே. டேஷ்போர்டில் பிள்ளையாரோ மாதாவோ இருந்தால் கும்பிட்டுவிட்டு எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பலமாகப் பிரேக் போடும்போது அந்தச் சிலை கண்ணாடியில் மோதித் தெறிக்கும்.

இனி உங்களைப் பற்றி. மலை ரோட்டு அனுபவம் பாதி உதவும், பாதி கெடுக்கும். கியரை அறிந்து ஓட்டுவதும் பொறுமையும் உதவும். ஆனால் நாம் வளைவில் இடது ஓரத்தைப் பிடித்து, எதிரே பஸ் வருமோ என்று ஹோர்ன் அடித்துப் பழகியவர்கள். டிராக்கில் எதிரே யாரும் வர மாட்டார்கள், பாதையின் முழு அகலமும் உங்களுடையது. வெளிப்புறத்திலிருந்து நுழைந்து, உட்புறத்தைத் தொட்டு, மறுபடி வெளிப்புறத்துக்குப் போக வேண்டும். பிரேக்கை மெதுவாக நீட்டி அழுத்தும் பழக்கத்தையும் விடுங்கள். கார் நேராக இருக்கும்போதே பலமாக மிதித்து, வேகம் இறங்கியதும் விட்டுவிட்டுத் திரும்புங்கள். கண் பொனட்டுக்கு முன்னால் நிற்காமல் வளைவு முடியும் இடத்தைத் தேடட்டும். இதையெல்லாம் கினிகத்தேனை இறக்கத்தில் ஒத்திகை பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அந்த ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

இருக்கையைக் கொஞ்சம் முன்னே இழுங்கள். தோள் சாய்ந்திருக்க, மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, மெல்லிய அடியுள்ள சப்பாத்து. செருப்பு கூடாது. மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டை ஏற்பார்களா என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்பே கேளுங்கள். கார் ஓட்டத்துக்கென வரும் ஸ்னெல் எஸ்ஏ தரம் தீயையும் தாங்கும்படி சோதிக்கப்படுவது, மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டுக்கு அந்தச் சோதனை இல்லை. காப்புறுதிப் பத்திரத்தையும் வாசியுங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு நட்டஈடு இல்லை என்பது வழக்கமாக எழுதப்படும் நிபந்தனை.

முதல் நாளே இறங்கித் தங்கிவிடுங்கள். விடியப்புறம் மூன்று மணிக்குப் புறப்பட்டு, தூக்கம் கெட்டு, நேரே ஹெல்மட் மாட்டுவது ஆபத்து. கொட்டகலைக் குளிரில் இருந்தவருக்குக் கரையோர வெயில் சீக்கிரமே தலையைச் சுற்றவைக்கும். தாகம் எடுக்கும் முன் தண்ணீரோ இளநீரோ குடியுங்கள். மதியம் சோற்றுப் பார்சல் வேண்டாம், வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியும் போதும்.

கொடிகளை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். மஞ்சள் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், யாரையும் முந்தாதீர்கள். சிவப்பென்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாக உள்ளே வாருங்கள். நீலமென்றால் பின்னால் வேகமான கார், வழிவிடுங்கள். குடும்பத்தைக் கூட்டிப் போனால் அவர்கள் நிற்கும் இடத்தை நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்து ஊரில் நடந்தது இது. தடுப்புக்குப் பின்னால், வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து விலகி நிற்கச் சொல்லுங்கள்.

முதல் ஓட்டத்தில் இரண்டு சுற்று மெதுவாக, பிறகு மூன்று நான்கு சுற்று சற்று வேகமாக, கடைசிச் சுற்று பிரேக்கே போடாதது போல ஆறவிட்டு உள்ளே வாருங்கள். பெடல் வழமையைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அந்தச் சுற்றோடு முடித்துக்கொள்ளுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், சூடேறிய பேட் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

அதே காரில்தான் அவிசாவளை, கித்துல்கல வழியாக வீடு திரும்ப வேண்டும் என்பதால் கடைசி ஓட்டத்தை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. புறப்படும் முன் பேட், டயர், கூலன்ட், வீல் நட் நான்கையும் பாருங்கள். அடுத்த கிழமையே பிரேக் ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். கறுத்திருந்தாலோ, டிராக்கில் ஒரு தடவையாவது பெடல் பஞ்சாகியிருந்தாலோ, மறுபடி மாற்றிய பிறகே காரை இறக்கத்துக்கு எடுங்கள்.