சீவாளிக்காரருக்கு ஒரு பட்டம்

அண்ணனுக்கு வணக்கம்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். மதிப்புறு முனைவர் பட்டத்துக்கு இந்த வருஷம் எங்களிடமும் பெயர் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து ஊரில் நாகஸ்வரத்துக்குச் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாக்கு, செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் பெயரைச் சொன்னதும் துறைத்தலைவர் சிரித்துவிட்டார். "பத்மஸ்ரீயாவது வாங்கியிருக்காராம்மா?" என்றார். ஆனாலும் எழுதிக் கொடுத்தால் அனுப்புகிறேன் என்கிறார். எப்படி எழுதுவது? கௌரவ டாக்டர் என்றாலே சுவர் போஸ்டர்தான் ஞாபகம் வருகிறது. இதனால் அவருக்கு என்ன மரியாதை என்றும் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை. தாராளமாகப் போங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பட்டத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள்.

பட்டுத்தான் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு பெயர் கொடுத்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர், லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: லஸ்கர் என்றால் ஆற்றிலும் வாய்க்காலிலும் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் எத்தனையாவது நாள் எந்த மதகுக்குத் தண்ணீர் வரும், எந்த வாய்க்காலை ஒரு சாண் அடைத்தால் எந்தக் கடைமடை ஊருக்கு ஏறும் என்பதையெல்லாம் வருஷவாரியாக நோட்டில் எழுதி வைத்திருந்தார். எட்டு நோட்டு. பென்சில் எழுத்து, ஓரத்தில் மழைக் கணக்கு. பொறியாளர்களே வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, அவரிடமே சொல்லித் தொலைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அங்கியை அவங்களே குடுத்துடுவாங்களா தம்பி, நாமதான் தச்சுக்கணுமா?" என்று கேட்டார். அடுத்த முறை போனபோது கொடியில் புதுச் சட்டை ஒன்று தொங்கியது. வெள்ளை, கழுத்துப் பட்டையில் கடைக்காரன் குத்திய குண்டூசிகூட எடுக்காமல். மாதா மாதம் போன் செய்து கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து உண்டு என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை, கிணற்றில் போட்ட கல். அந்தச் சட்டையை அவர் பேத்தி கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டார். நான் பந்தியில் அவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

ஆகவே ரகசியம். பெயர் மேலே போகும் பாதை நீளமானது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி கொஞ்சம் மாறினாலும், ஆட்சிமன்றக் குழு ஏற்க வேண்டும், கடைசியில் வேந்தர் ஒப்புதல் தர வேண்டும். பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் வேந்தர் ஆளுநர்தான். 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் விடுதலைப் போராட்ட வீரரும் கம்யூனிஸ்ட் தலைவருமான என்.சங்கரய்யாவுக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தும் ஆளுநர் கையெழுத்து வரவில்லை. 1941இல் கைதாகி, பி.ஏ. இறுதித் தேர்வை எழுத முடியாமல் போன மனிதர் அவர். அந்த நவம்பரில், நூறைத் தாண்டிய வயதில் காலமானார். ஊரறிந்தவருக்கே இந்தக் கதி.

பத்மஸ்ரீ கேட்ட உங்கள் துறைத்தலைவருக்கு ஒரு தகவல். பத்ம விருதுக்கு இந்தியக் குடிமகன் யாரும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். அவரே பெரியவர் பெயரைப் போட்டிருக்கலாம். முன்னுதாரணம் கேட்டால் இயற்கை விவசாயி நம்மாழ்வாரைச் சொல்லுங்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இளங்காட்டில் பிறந்தவர். 2007இல் காந்திகிராமப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு அறிவியல் முனைவர் பட்டம் கொடுத்தது. அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவராயிற்றே என்பார்கள். சரி, படித்தவர்தான். ஆனால் ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு வயலுக்கு வந்து செய்த காரியத்துக்கல்லவா பட்டம்?

இனி பரிந்துரை. "கலைச்சேவை", "அரும்பணி", "தன்னலமற்ற" ஆகிய மூன்றையும் எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். எல்லாப் பரிந்துரையிலும் அவை இருக்கும், குழுவில் யாரும் படிக்க மாட்டார்கள். அவருக்கு என்ன தெரியும் என்பதை எழுதுங்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடிப் பிடித்துக் கடைகிறார்கள் என்பது பத்திரிகைகளில் வந்துவிட்டது. ஆனால் சீவாளி இல்லையென்றால் அது வெறும் மரக்குழாய். அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு, அதுதான் உங்களுக்கு வசதி. சீவாளிக்கான கொறுக்கைத் தட்டையை, அந்த நாணலை, எந்தப் படுகையில் அறுக்கிறார்? முற்றியது என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறார்? எவ்வளவு நாள் காயப்போடுகிறார், எப்படிப் பதப்படுத்துகிறார்? நூறு தட்டையில் எத்தனை தேறும்? ஒரே ஊர்க்காரர் இருவருக்கு, உதட்டுக்கும் மூச்சுக்கும் ஏற்ப எதை மாற்றிக் கொடுக்கிறார்? மணலும் படுகையும் போனபிறகு தட்டை எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமை இதைக் கேளுங்கள், கட்டுரைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை. ஆய்வேட்டில் முறையியல் என்று ஓர் அத்தியாயம் வைக்கச் சொல்லி மாணவர்களைப் படுத்துகிறோமே, அதை அவர் வாயாலேயே சொல்லிவிடுவார்.

கூடவே, அவரிடம் சீவாளி வாங்கும் இரண்டு வித்வான்களிடம் ஆளுக்கு அரைப் பக்கம் வாங்குங்கள். புகழ்ந்து அல்ல. அவருடைய சீவாளி எத்தனை கச்சேரி தாங்கியது, எது கெட்டபோது எப்படிச் சரிசெய்து கொடுத்தார் என்று. எம்.எல்.ஏ. கடிதம் வேண்டாம்.

மரியாதையைப் பற்றிக் கேட்டீர்கள். போஸ்டர் டாக்டர்களைப் பார்த்துச் சிரிப்பதில் தப்பில்லை. 2023இல் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, யாரோ ஓர் அமைப்பு பிரபலங்களுக்குப் பட்டம் வழங்கி, அது போலி என்று போலீஸ் வரை போனது நினைவிருக்கும். அசலான மதிப்புறு பட்டம் வாங்கினாலும் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்வது மரபில்லை. எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு போன்றவை இந்தப் பட்டமே கொடுப்பதில்லை, அதுவும் ஒரு நிலைப்பாடு. ஆனால் கொடுக்கிற பல்கலைக்கழகம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கப்போகிறது. நீங்கள் பெயர் தராவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, வேறு யாராவது வந்து உட்காருவார்.

எண்பதைத் தாண்டியவர் என்கிறீர்கள். பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் வரும்வரை ஏ.சி.யில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். 1940இல் ஆக்ஸ்போர்டு, தாகூரை வரச்சொல்லாமல் சாந்திநிகேதனுக்கே வந்து பட்டம் கொடுத்தது. பரிந்துரையின் கடைசியில் இதை ஒரு வரி சேர்த்து, ஊருக்கே வந்து தர முடியுமா என்று கேட்டுவையுங்கள். கேட்பதற்குக் காசா பணமா?

எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். படிவத்தில் "கல்வித்தகுதி" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கோடு போட்டுவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பு என்றே எழுதுங்கள், எந்தப் பள்ளி என்பதையும் சேர்த்து.