பாசி இருக்கும் இடத்தில் அகர் ஆலை வைக்கலாமா?

கேள்வி: மண்டபத்தை அடுத்த கடலோரக் கிராமத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் நிலம் உள்ளது. எங்கள் பகுதிப் பெண்கள் எடுக்கும் கஞ்சிப்பாசி காய்ந்ததும், அதிலிருந்து அகர் என்ற கூழ்மப்பொருளை எடுக்கும் மதுரை ஆலைகளுக்குப் போகிறது. ஆலையை இங்கேயே அமைத்தால் லாரி வாடகை மிஞ்சுமல்லவா?

பதில்: மிஞ்சும் என்று நீங்கள் கருதும் தொகையில் பெரும்பகுதி ஏற்கெனவே மிஞ்சிவிட்டது. பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் நிற்கும். அந்த எடைக்குறைவு கரையிலேயே முடிந்துவிடுவதால், லாரியில் ஏறுவது கெட்டுப்போகாத, இலகுவான சரக்கு மட்டுமே.

உற்பத்தியில் எடை இழக்கும் மூலப்பொருளை நம்பிய தொழில் அப்பொருள் கிடைக்கும் இடத்தையே நாடும் என்று ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்பிரட் வெபர் 1909இல் விளக்கினார். காய்ந்த பாசியின் எடையில் சிறு பங்கே அகராக மாறுவதால், அந்த விதி உங்கள் பக்கம் பேசுவதுபோலத் தோன்றும். ஆனால் எங்கும் கிடைக்கும் பொருள்கள் ஆலையை ஓரிடத்துக்கு இழுப்பதில்லை என்பதும் அவர் கருத்து. தண்ணீரை அந்த வகையில் சேர்ப்பது பாடநூல் வழக்கம். நம் கரையில் நல்ல தண்ணீர் அப்படிக் கிடைப்பதில்லை. பாசியை அலசவும் ஊறவைக்கவும் வேகவைக்கவும் உப்பில்லாத நீர் ஏராளமாக வேண்டும். உவர்நீரைப் பயன்படுத்தினால் உப்பு அகரில் தங்கித் தரத்தைக் கெடுக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீரோ குடிப்பதற்கானது, ஆலைக்கானதன்று. கடல்நீரைச் சுத்திகரிக்கலாம் என்றால், லாரியில் மிஞ்சும் பணத்தை மின்கட்டணமும் பராமரிப்பும் விழுங்கிவிடும். இதே உவர்ப்பும் வெயிலும் காற்றும்தான் வாலிநோக்கத்தில் உப்பளங்களுக்கு முதலாக அமைந்தன; 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் அங்கே உப்பு விளைவிக்கிறது.

கழிவுநீரையும் எண்ணிப் பாருங்கள். காரமும் வெளுப்பானும் கலந்த நீரை, 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் அருகே விடுவதை என்னால் எந்த நிலையிலும் பரிந்துரைக்க இயலாது. நம் மக்களின் மீனும் பாசியும் அந்தக் கடலில்தான் வளர்கின்றன. தவிர, உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் கோட்டிலிருந்து) 500 மீட்டருக்குள் உள்ள நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்படும் என்பதால், அஸ்திவாரம் தோண்டுமுன் உங்கள் நிலம் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டறியுங்கள்.

உங்கள் நிலத்துக்குப் பொருந்துவது, மணல் ஒட்டாமல் உயரமான வலைத்தட்டுகளில் பாசியை உலர்த்தித் தரம் பிரித்துச் சிப்பம் கட்டும் தொழில். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக்கு ஒழுகாத கிடங்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அடுத்த படியாக, வளர்ப்புப் பாசியான கப்பாஃபைகஸைப் பச்சையாகவே பிழிந்து பயிர்களுக்கான திரவ ஊக்கி தயாரிக்கலாம். பிழிவதற்குப் பச்சைப் பாசியே வேண்டும், நன்னீர்த் தேவையும் குறைவு என்பதால், அந்தத் தொழிலை மதுரையை விடக் கரையில் நடத்துவதே எளிது. இதற்கான நுட்பத்தை உருவாக்கிய மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மண்டபத்திலேயே இருக்கிறது. முதலில் அங்கே சென்று கேளுங்கள்.