எத்தனையாவது நிமிஷத்தில்?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். டூம் மெட்டல் என்கிற, மெதுவாக நகரும் கனமான ராக் இசையை வாசிக்கும் அமெரிக்கக் குழு பெல் விட்ச் 2017ல் வெளியிட்ட 'மிரர் ரீப்பர்' ஆல்பத்தைக் கேட்டோம். மொத்த ஆல்பமும் ஒரே பாட்டு, 83 நிமிஷம். ஒருவன் 'இருளின் ஆழம், காலத்தை வென்ற காவியம்' என்கிறான். இன்னொருவன் 'எழவூட்டுல ஒக்காந்தாப்ல இருக்குது' என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டான். மூன்றாமவன் 1.5 ஸ்பீடில் வைத்துக் கேட்டுவிட்டு 'பரவாயில்லை' என்றான். 'இதில் கிடாரே காணோமே?' என்று நான் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஐந்தாமவன் 'நடுவுல ஒரு குரல் வேற எங்கியோ ரெக்கார்டு பண்ணிக் கொண்டாந்து ஒட்டுனாப்ல நிக்குது' என்று குறை சொல்கிறான். யார் சொல்வது சரி? நீங்கள் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

– ஒரு வாசகர், சோமனூர்

பதில்: மார்க் இருக்கட்டும். ஐந்து பேரும் ஒரே ஆல்பத்தைத்தான் கேட்டீர்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

உங்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். கிடார் எங்கே என்றீர்கள். தேட வேண்டாம், இல்லை. பெல் விட்ச் சியாட்டில் நகரத்தைச் சேர்ந்த இரண்டே பேர். டிலன் டெஸ்மண்ட் ஆறு கம்பி பேஸ் கிடார் வாசிக்கிறார். ஜெஸ்ஸி ஷ்ரைப்மன் டிரம்ஸும் ஆர்கனும் பார்த்துக்கொள்கிறார். பாடுவதும் பெரும்பாலும் அவர்களேதான். கிடார் செய்ய வேண்டிய வேலையை பேஸின் மேல்கம்பிகள் செய்கின்றன. கச்சேரியில் நாயனக்காரர் வராமல் போய், தவில்காரரே ராகத்தையும் சமாளிப்பது போன்ற காரியம் இது. சமாளித்தாரா இல்லையா என்று பேசலாம். நாயனம் எங்கே என்று பந்தலுக்குள் தேடிக்கொண்டிருந்தால் கச்சேரி போய்விடும். ஆனாலும் ஐந்து பேரில் தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் தப்பித்தீர்கள்.

எதில் வைத்துக் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. செல்போனை டீக்கடை மேஜையில் கவிழ்த்து வைத்துத்தான் என்று என் ஊகம். சாதாரண பேஸ் கிடாரின் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் விநாடிக்கு 41 முறை அதிரும். விநாடிக்கு இருநூறு அதிர்வுக்குக் கீழே போனாலே செல்போன் ஸ்பீக்கருக்கு மூச்சு முட்டும். இந்த ஆல்பத்தின் அஸ்திவாரமே அதற்கும் கீழே இருக்கிறது. அப்படியானால் உங்களுக்குக் கேட்டது கட்டடம் இல்லை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மட்டும்தான். நல்ல ஹெட்போனை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இந்தப் பதிலில் காசு செலவில்லாத ஆலோசனை இது ஒன்றுதான்.

அடுத்தது 'இருளின் ஆழம்' நண்பர். எனக்கு அவர்மேல்தான் கோபம் அதிகம். எழுந்து போனவராவது நேர்மையாக எழுந்து போனார். 'இருளின் ஆழம்' என்று சொல்ல 83 நிமிஷம் எதற்கு? போலந்து ஓவியர் மரியுஷ் லெவாண்டோவ்ஸ்கி வரைந்த அட்டைப்படத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாமே. டூம் மெட்டல் ரசிகர்களிடம் இது ஒரு வியாதி. கனம், இருள், சாவு, ஆழம் என்று நாலு வார்த்தை கைவசம் வைத்திருப்பார்கள். எந்த ஆல்பம் வந்தாலும் அதையே குலுக்கிப் போடுவார்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த ஆழம் எத்தனையாவது நிமிஷத்தில் வந்தது? பேஸ் மட்டும் தனியாக நிற்கும் ஆரம்பத்திலா? டிரம்ஸ் வந்து விழும் இடத்திலா? ஆர்கன் நுழையும்போதா? பதில் சொன்னால் அவருடைய காவியத்தை ஒப்புக்கொள்கிறேன். முழித்தால், அவர் ஆல்பத்தைக் கேட்கவில்லை, ஆல்பம் கேட்கிறவராகத் தன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம்.

1.5 ஸ்பீடு நண்பர் 28 நிமிஷம் மிச்சம் பிடித்திருக்கிறார். அந்த 28 நிமிஷத்தில் என்ன செய்தார்? ரீல்ஸ் பார்த்திருப்பார். சரி, விடுங்கள். ஆனால் இந்த இசை ஏன் இப்படி இழுக்கிறது, ஏன் இவ்வளவு தாழ்ந்த சுருதியில் கிடக்கிறது என்பதில் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியக்கூடிய ஒரு கதை உண்டு. அதை அவருக்குச் சொல்லுங்கள்.

இந்த வகையின் மூலம் இங்கிலாந்தின் பர்மிங்காம். கோவையின் கணபதி, பீளமேடு மாதிரி பட்டறையும் ஃபவுண்டரியுமாக இருந்த ஊர். அங்கே தகரப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த 17 வயதுப் பையன் டோனி ஐயோமி, வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் மெஷினுக்குள் கையைக் கொடுத்து, வலது கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் இழந்தான். இடது கைப் பழக்கம் உள்ளவன் என்பதால் கிடார் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, அதை விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தான். அழுத்தினால் வலிக்கும் என்பதால் மெல்லிய கம்பி போட்டான். பிறகு கம்பியைத் தளர்த்தினான். அவன் வாசித்த பிளாக் சாபத் குழுவின் மூன்றாவது ஆல்பம் 1971ல் வந்தபோது கிடாரின் தடித்த கம்பி வழக்கமான மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறங்கியிருந்தது. பின்னால் வந்த டூம் குழுக்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் குடித்தனம் நடத்துகின்றன. பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்கள் நம் பக்கத்துப் பட்டறைகளிலும் இருக்கிறார்கள். டீ கிளாஸைப் பிடிக்க அவர்கள் கண்டுபிடித்திருக்கும் தனிப் பிடியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கிளாஸை வேகமாகத் தூக்கச் சொல்ல மாட்டோம் அல்லவா.

1970ல் வந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தை அன்றைய விமர்சகர்கள் நன்றாகக் கிழித்தார்கள். 1986ல் ஸ்வீடனின் கேண்டில்மாஸ் குழு போட்ட முதல் ஆல்பம் விற்கவில்லை, கம்பெனி கைவிட்டது. அதன் தலைப்பில் இருந்த 'எபிக்கஸ் டூமிக்கஸ்' என்ற சொற்கள்தான் எபிக் டூம் என்ற கிளை வகைக்குப் பேராக ஒட்டிக்கொண்டன என்பார்கள். உடனே உங்கள் காவிய நண்பர் 'பார்த்தீர்களா, திட்டினவனெல்லாம் தோற்றான்' என்று வருவார். வர வேண்டாம். திட்டு வாங்கி, தகுதியாகவே மறந்துபோன ஆல்பங்கள் இதைவிட நூறு மடங்கு இருக்கும். அவற்றின் பேர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி 'எழவூடு' நண்பர். அவர் தெரியாமலே சரியான பேரைச் சொல்லிவிட்டார். பெல் விட்ச் வாசிக்கும் கிளை வகைக்கு ஃப்யூனரல் டூம் என்றுதான் பேர். நம் பாஷையில் எழவு டூம். திட்டு என்று நினைத்து விலாசம் சொல்லியிருக்கிறார். அதில் எனக்கு ஒரு சின்ன ஆட்சேபணை உண்டு. நம் ஊர் எழவு வீடு இப்படியா இருக்கிறது? பறை முழங்கும், ஆட்டம் இருக்கும், வேட்டு வெடிக்கும், பங்காளிகள் வெயிலில் நின்று பந்தல்காரரோடு சண்டை போடுவார்கள். ஒப்பாரியிலும் வேகம் உண்டு, கோபம் உண்டு, செத்தவரின் மருமகளுக்கு இரண்டு குத்தலும் உண்டு. இந்த ஆல்பத்தில் அது எதுவும் இல்லை. எனக்கு இது எழவுக்கு மறுநாள் மத்தியானம் மாதிரி கேட்டது. மேளக்காரர்கள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாடகைச் சேர்களை அடுக்கி வண்டியில் ஏற்றியாயிற்று. வாசலில் சாணி தெளித்த ஈரம் காயவில்லை. உள்ளே ஒருவர் மட்டும் பாயில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் செய்யவில்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இந்த இருவரும் விடுகிற இடைவெளி அந்த மத்தியானம்தான்.

விசைத்தறி ஊர்க்காரரான உங்களுக்கு இன்னும் பக்கத்தில் சொல்வதென்றால், கரண்ட் போய் ஊர்த் தறி அத்தனையும் ஒரே நேரத்தில் நிற்கும்போது காதுக்குள் ஒரு சத்தம் வருமே, அது.

அவர் பாதியில் எழுந்து போனதில் தப்பில்லை. எல்லோரும் எல்லா வீட்டிலும் உட்கார வேண்டும் என்று சட்டமா? ஆனால் 'இவ்வளவு நேரம் எவன் உட்காருவான்' என்ற பேச்சை மட்டும் கொங்கு நாட்டுக்காரர் பேசக் கூடாது. பொன்னர், சங்கர் என்ற இரு சகோதரர்களின் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடக் கேட்ட ஊர் இது. ஆராய்ச்சியாளர் பிரெண்டா பெக் 1965ல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அந்தக் கதையை ஒலிநாடாவில் பிடித்தபோது 18 இரவு ஆயிற்று. சின்ன வயதில் கோயில் வாசலில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு நானும் கேட்டிருக்கிறேன். தூங்கிப்போவேன், முழிப்பு வரும்போது பொன்னரும் சங்கரும் அதே காட்டில்தான் இருப்பார்கள். யாரும், இருவரும் மாளும் கட்டமான படுகளத்துக்குச் 'சீக்கிரம் வாங்க' என்று பாட்டுக்காரரை அவசரப்படுத்தியதில்லை. படுகளம் வரும்போது கூட்டத்துக்கு உடம்பு நடுங்கியதென்றால், அத்தனை இரவு உட்கார்ந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இதனால் நீளமெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பாதியில் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எரிக் மாக்ரிட்ஜ் என்ற விருந்தாளி வந்து சன்னமான குரலில் பாடும் பின்பாதியில், முதலில் சொக்கிப்போனேன், பிறகு கடைசி இருபது நிமிஷத்துக்குள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். சொன்னதையே சொல்கிறார்களோ என்று தோன்றியது. ஒரு சிடியில் 80 நிமிஷம்தான் கொள்ளும். மூன்று நிமிஷம் குறைத்திருந்தால் இரண்டு சிடிக்குப் பதில் ஒன்றோடு போயிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். கேட்கிறவன் கணக்குப் போட ஆரம்பித்தால் பாட்டில் எங்கோ பிடி தளர்ந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். என் மனைவி இதற்கு வேறு காரணம் சொல்கிறாள். அது இங்கே வேண்டாம்.

கடைசியாக ஐந்தாமவர். நடுவில் ஒரு குரல் ஒட்டாமல் நிற்கிறது என்றாரே, அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அது ஏட்ரியன் கெர்ராவின் குரல். குழுவின் பழைய டிரம்மர். 2016ல், இந்த ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்த சமயத்தில், இறந்துபோனார். முந்தைய ஆல்பத்துக்காக அவர் பாடிப் பதிந்து, பயன்படுத்தாமல் கிடந்த குரலை எடுத்து இதன் நடுவில் வைத்தார்கள். வேறு நாளில் வேறு ஆல்பத்துக்காகப் பாடியது, வேறு மாதிரித்தானே நிற்கும். இழைத்து மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம், பதிவு செய்த பில்லி ஆண்டர்சன் அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

இந்த விவரத்தைப் படித்துவிட்டு அந்த இடத்தில் அழுகிறவர்கள் ஏராளம். அழட்டும். அவர்களுக்கு முன்னாலேயே யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நண்பருக்கு யாரும் சொல்லவில்லை. காடாத் துணியை மடிக்கும்போது, கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, விரலால் தடவியே பாவு நூல் அறுந்து முடிச்சுப் போட்ட இடத்தைச் சொல்லிவிடும் ஆட்கள் சோமனூரில் உண்டு. அவர் அந்த ரகக் காதுக்காரர். வீட்டில் தறி ஓடுகிறதா என்று விசாரியுங்கள். அந்த முடிச்சைக் குறை என்று அவர் சொல்வது அவர் இஷ்டம். கதை தெரிந்த பிறகும் அது துருத்திக்கொண்டுதான் நிற்கிறது என்றால் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. செத்தவர் குரல் என்பதற்காகப் பாட்டுக்குச் சலுகை கொடுக்க முடியாது.

மார்க் கேட்டீர்கள். ஆல்பத்துக்குப் போட மாட்டேன். ஐந்தாமவருக்கு எட்டு. எத்தனையாவது நிமிஷத்தில் என்றும் சொல்லியிருந்தால் பத்து.