பட்டியல் பார்க்கிற வேலை

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் சுற்றுலா மேலாண்மை இறுதியாண்டு படிக்கிறேன். கல்லூரி மூலமாக ஒசாகாவில் ஒரு பயண நிறுவனத்தில் மூன்று மாதம் இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினேன். இந்தியாவிலிருந்து வரும் குழுக்களைக் கவனிக்கும் பிரிவு. நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று போனவளுக்குக் கிடைத்தது பட்டியல் சரிபார்க்கும் வேலை மட்டும்தான். பாஸ்போர்ட் பெயர், அறை, சாப்பாடு, பஸ் நேரம். நான் பார்த்ததை இன்னொருவர் பார்ப்பார், அப்புறம் மேலாளர் பார்ப்பார். ஒருமுறை சுப்பிரமணியம் என்ற பெயரைச் சுப்பிரமணியன் என்று அடித்துவிட்டேன். மேலாளர் அம்மா எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்து அரை மணி நேரம் பேசினார். அன்று ராத்திரி அறையில் அழுதேன். சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. சைவம் என்று சொல்லி வாங்கினாலும் எல்லாவற்றிலும் மீன் வாசம். ஒரு செயலி நொடியில் செய்யும் வேலைக்கு மனுஷி எதற்கு? இதை அனுபவம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. திரும்ப ஜப்பானுக்கே வேலைக்குப் போகலாமா, இல்லை இங்கேயே எம்பிஏ சேரலாமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

கொஞ்ச நாளாகவே நான் ஒரு ஜப்பானியப் பயண ஊழியரைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரும் பட்டியல் பார்த்தவர்தான். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்தேன். அவரிடம் பிறகு வருகிறேன்.

எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பேசியது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொழி பாதிதான் புரியும், ஊரில் ஒருவரையும் தெரியாது, இருபது வயதுப் பெண். தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அழுததற்கு வெட்கப்படாதீர்கள். ஆனால் அந்த அம்மா சொன்ன விஷயம் சரி. சொன்ன விதம் தப்பு என்பதால் விஷயமும் தப்பாகிவிடாது. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுப்பிரமணியமும் சுப்பிரமணியனும் நமக்கு ஒரே ஆள் மாதிரி. டிக்கெட்டில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றும் இருந்தால் விமான நிலையத்தில் அவர் நிற்பார், குழு போய்விடும். அதைவிட ஒன்று சொல்கிறேன். நம் ஆட்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்பா பெயர் சிலருக்கு இனிஷியல், சிலருக்கு விரித்து எழுதியது, சிலருக்கு இல்லவே இல்லை. குடும்பப் பெயர் இல்லாத மனிதரை ஒரு ஜப்பானிய அலுவலகம் எந்தக் கட்டத்தில் போடும்? எது அவர் பெயர், எது அவர் அப்பா பெயர் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர் அந்தப் பிரிவில் வேறு யாராவது இருந்தார்களா? இதற்குத்தான் உங்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களோ கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

கோபத்துக்குக் காரணம் என் பெரிய அத்தை. நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு யாத்திரைக் குழுவோடு அத்தை காசிக்குக் கிளம்பினார். இடார்சி ஜங்ஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கினார். குழாயடியில் கூட்டம். கூஜா நிறைவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. தமிழைத் தவிர ஒரு பாஷை தெரியாது. டிக்கெட், பணம் எல்லாம் யாத்திரையை நடத்தியவரின் பையில். ஆள் குறைவது குழுவில் யாருக்கும் தெரியவில்லை. ஜபல்பூர் தாண்டி ராத்திரிச் சாப்பாடு கொடுக்கும்போது ஒரு புளியோதரைப் பொட்டலம் மிஞ்சியது, அப்போதுதான் தேடியிருக்கிறார்கள். யாத்திரையை நடத்தியவரிடம் பட்டியலே இல்லை. எல்லாரையும் எனக்கு முகம் தெரியும் என்பது அவருடைய பெருமை. தமிழ் தெரிந்த ஒரு ரயில்வே ஊழியர் அத்தையைத் தன் வீட்டில் தங்க வைத்து ஊருக்கு ரயிலேற்றிவிட்டார். காசி பார்க்காமலே வந்தார். பிற்பாடு யார் கூப்பிட்டும் போகவில்லை. கங்கைத் தண்ணீர்ச் செம்பை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிப் பூஜை அறையில் வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார்.

ஜப்பானிலும் இந்தத் தொழில் யாத்திரையில் ஆரம்பித்ததுதான். மினாமி ஷின்சுகே என்பவர் 1905-ல் குசாட்சுவிலிருந்து கோயா மலைக்கும் இசே கோவிலுக்கும் ஆட்களைக் கூட்டிப் போனார். 1908-ல் தனி ரயிலே வாடகைக்குப் பிடித்து ஏறக்குறைய 900 பேரை ஜென்கோஜி கோவிலுக்கு அழைத்துப் போனார். அத்தனை பேரை ஒவ்வொரு நிலையத்திலும் இறக்கி ஏற்றி ஒருவர் விடாமல் வீடு சேர்ப்பதற்கு என்ன வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது அந்த ஊழியர். 1940 கோடையில் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் தூதரக அதிகாரி சியுனே சுகிஹாரா, மேலிடம் மறுத்தும் கேட்காமல், யூத அகதிகளுக்கு விசா எழுதிக் கொடுத்தார். அவருடைய பட்டியலில் 2,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். இது பலருக்கும் தெரியும். விசா வாங்கியவர்கள் அப்புறம் எப்படித் தப்பினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சைபீரியாவை ரயிலில் கடந்து விளாடிவோஸ்டாக் வந்தார்கள். அங்கிருந்து பலரும் அமகுசா மாரு என்ற சின்னக் கப்பலில் ஜப்பானின் சுருகா துறைமுகத்துக்கு வந்து இறங்கினார்கள். கப்பலில் அவர்களோடு இருந்தது ஒரு பயண நிறுவனத்தின் ஆள். 1912-ல் தொடங்கிய ஜப்பான் டூரிஸ்ட் பீரோ, இன்றைய ஜேடிபி. அதன் இளம் ஊழியர் தட்சுவோ ஒசாகோ குளிர்காலக் கொந்தளிப்பில் திரும்பத் திரும்ப அந்தக் கடலைக் கடந்தார்.

அவருடைய வேலை என்ன? பட்டியலில் உள்ள பெயரையும் எதிரில் நிற்கும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. அமெரிக்காவில் இருந்த யூதர்கள் அனுப்பிய பணத்தை உரியவர் கையில் ஒப்படைப்பது. கையில் பணம் காட்டாவிட்டால் கரையிறங்குவதில் சிக்கல். கப்பல் ஆடுகிறது, குமட்டுகிறது, வாயில் நுழையாத போலந்துப் பெயர்கள், எதிரே வீடும் சொந்தமும் போன மனிதர்கள். ஓர் எழுத்து மாறினால் ஒருவருடைய பணம் இன்னொருவருக்குப் போய்விடும். இதையெல்லாம் நான் கற்பனை செய்துதான் பார்க்கிறேன், ஆனால் அந்த வேலையை வேறு எப்படியும் செய்திருக்க முடியாது. அந்தப் பயணிகளில் ஏழு பேர் அவருக்குத் தங்கள் புகைப்படத்தைக் கொடுத்தார்கள். அவற்றை அவர் ஆல்பத்தில் ஒட்டிக் கடைசிவரை வைத்திருந்தார். பட்டியல் பார்த்த ஒரு குமாஸ்தாவுக்குத் தங்கள் முகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்களுக்கு இது போதாதா?

மூன்று பேர் எதற்குப் பார்க்க வேண்டும் என்பதற்கும் பதில் அந்த நாட்டிலேயே இருக்கிறது. 2016 ஜனவரி 15 அதிகாலை, கருயிசாவா மலைப்பாதையில் பனிச்சறுக்குச் சுற்றுலா பஸ் ஒன்று சரிந்து 15 பேர் செத்தார்கள். அதில் 13 பேர் கல்லூரி மாணவர்கள், உங்கள் வயதுப் பிள்ளைகள். சட்டம் விதித்த குறைந்தபட்ச வாடகைக்கும் கீழே பேசிய பஸ். ஓட்டுநருக்குப் பெரிய பஸ்ஸில் போதிய பழக்கம் இல்லை. கிளம்புமுன் அவரை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டிய சோதனை நடக்கவில்லை. 2023-ல் நாகானோ நீதிமன்றம் பஸ் நிறுவனத் தலைவருக்கும் இயக்கப் பொறுப்பாளருக்கும் சிறைத்தண்டனை விதித்தது. நீங்கள் சலித்துக்கொண்டு பார்த்த பஸ் நேரப் பட்டியலுக்குப் பின்னால் இது நிற்கிறது. ஓட்டுநர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று அதைப் பார்த்துக் கணக்குப் போட்டீர்களா? சத்தியமாகக் கேட்கிறேன்.

சாப்பாட்டு விஷயம். அந்த மீன் வாசம் தாஷி. கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கும் சாறு. மிசோ சூப்பில் இருக்கும், வேகவைத்த காயிலும் இருக்கும். சைவம் என்று மட்டும் எழுதினால் சமையல்காரர் கறியையும் மீன் துண்டையும் எடுத்துவிட்டு அதே சாற்றில்தான் காயை வேக வைப்பார். மூன்று மாதம் உங்கள் வயிறே இதைச் சொல்லியிருக்கிறது, கையில் குஜராத்திக் குழுவுக்கோ மார்வாடிக் குழுவுக்கோ சாப்பாட்டுப் பட்டியலும் இருந்திருக்கும். தாஷியும் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து விடுதிக்குப் போன் போட்டீர்களா? சோபா நூடுல்ஸ் பக்வீட் என்ற தானியத்தில் செய்வது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தத் தானியம் உயிருக்கே ஆபத்து. சில ஜப்பானிய விடுதிகளில் தலையணைக்குள்ளேயே அதன் உமிதான் இருக்கும். சாப்பாட்டுக் கட்டத்தில் எழுதியதைப் படுக்கை விரிப்பவரிடமும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவிப் பார்ப்பதைத்தான் அங்கே கற்றிருக்க வேண்டும்.

செயலி செய்யட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆள் குறைந்தால் அதற்கு வயிறு கலங்காது, அவ்வளவுதான். எம்பிஏ பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை, உங்கள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஜப்பானுக்குத்தான் என்றால் டிசம்பரில் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வுக்கு இப்போதே பணம் கட்டுங்கள், சென்னையிலேயே எழுதலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தச் சுப்பிரமணியம் இருந்த குழு ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது நீங்கள் போயிருந்தீர்களா? அவர் யார், என்ன வயது, சரியாக வெளியே வந்தாரா? இவ்வளவு நீளமான கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்